180 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, ஒரே பார்சலில் 13 மீன்: ஒரே நாளில் விடலாமா?

அஸ்தம்பட்டி_ரீஃப்:
வணக்கம்ங்க. சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே சம்ப் (ஃபில்டர் வைக்கிற தொட்டி). கல், மணல் இடம் போக மொத்தத் தண்ணி 180 லிட்டர். ஸ்கிம்மர் (கழிவை நுரையா எடுக்கிறது), சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிறது) ரெண்டும் ஓடுது, 26 டிகிரி. உப்பளவு (அடர்த்தி எண்) 1.025. ஆர்.ஓ. தண்ணியில் உப்புப் பாக்கெட் கலந்ததுதான், கார்ப்பரேஷன் தண்ணி ஒரு சொட்டு கூட இல்ல. கல் எல்லாம் செராமிக். பாட்டில் பாக்டீரியா ஊத்தி, அப்பப்போ ஒரு சிட்டிகை தீனி போட்டு ஆறு வாரமா ஓடுது. அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10.

சென்னை கொளத்தூர் கடை ஒண்ணுல லிஸ்ட் கொடுத்திருக்கேன்: க்ளவுன் 2, கிரீன் க்ரோமிஸ் 5, ஃபயர்ஃபிஷ் 1, லான்மோவர் ப்ளென்னி 1, கோரல் பியூட்டி 1, ப்ளூ டேங் 1, டாமினோ டேம்செல் 2. மொத்தம் 13. ராத்திரி பஸ்ஸில் பார்சல் ஏத்தினா காலையில் இங்க எடுத்துக்கலாம். ரெண்டு மூணு தடவையா வாங்கினா தெர்மோகோல் பெட்டி, பஸ் கூலி எல்லாம் அத்தனை மடங்கு ஆகுது. கடைக்காரர் எல்லாத்தையும் ஒண்ணா விடலாம்னு சொல்றார். நெட்டில், அமோனியா ஏறிடும், மாசத்துக்கு ஒரு மீன்தான்னு போட்டிருக்கு. எதைக் கேக்கறது?

உப்புத்தண்ணி:
13-ஐயும் ஒரே நாளில் விடக் கூடாது. ஆனால் நெட்டில் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

முதலில் அமோனியா கணக்கைப் பார்த்துவிடுவோம். மீன் எண்ணிக்கையை விட நீங்கள் போடும் தீனியின் எடைதான் ஃபில்டருக்குச் சுமை. 45 சதவீதம் புரதம் உள்ள உலர் தீனி 1 கிராம் போட்டால் சுமார் 40 மில்லிகிராம் அமோனியா வெளியே வரும். 180 லிட்டரில் அது 0.22 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). உங்கள் லிஸ்டில் உள்ள 13 சின்ன மீனுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 2 கிராம் என்று வைத்தாலும் அரை பிபிஎம்முக்கு உள்ளேதான். நன்றாகப் பழுத்த தொட்டி, அதாவது அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா போதுமான அளவு வளர்ந்த தொட்டி, அதைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

உங்கள் தொட்டி பழுத்ததா என்பதுதான் கேள்வி. மீனே இல்லாத தொட்டியில் 0 காட்டுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சிட்டிகைத் தீனிக்கு எவ்வளவு பாக்டீரியா வேண்டுமோ அவ்வளவுதான் வளர்ந்திருக்கும். அதனால் சோதித்துப் பாருங்கள். அமோனியம் குளோரைடு 1.1 கிராம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து சம்பில் ஊற்றுங்கள். 180 லிட்டருக்கு 2 பிபிஎம் வரும். நம்ம ஊரில் ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரம் என்பதும் இதேதான். ஆனால் நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் தூசியும் வேறு உப்பும் கலந்திருக்கும். லேப் கெமிக்கல் விற்கும் கடையில் கேட்டு வாங்குங்கள். ஒரு கிராமை அளக்க நகைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

ஊற்றி ஒரு மணி நேரத்தில் ஒரு டெஸ்ட், 24 மணி நேரம் கழித்து ஒரு டெஸ்ட். 2 இருந்தது 0 ஆகியிருந்தால் ஃபில்டர் தயார். 1-இல் நின்றால் இன்னும் ஒரு வாரம் ஓடட்டும், பிறகு மறுபடி பாருங்கள். நைட்ரைட் கொஞ்சம் காட்டினால் பயப்பட வேண்டாம். கடல்நீரில் இருக்கிற குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போகாமல் தடுத்துவிடும். நன்னீர் ஆட்கள் நைட்ரைட்டுக்குப் பயப்படுவது நியாயம், நமக்கு அந்த அளவுக்கு இல்லை. அமோனியாதான் ஆளைக் கொல்லும்.

இனி லிஸ்ட். இதில் மூன்று வகையை எந்தத் தேதியிலும் விட வேண்டாம். ப்ளூ டேங் ஒரு அடி வரை வளரும், 6 அடி தொட்டி மீன். கடையில் ரெண்டு இஞ்சில் அழகாக இருக்கும், அதோடு டேங் வகைகளுக்கே வெள்ளைப் புள்ளி நோய் முதலில் பிடிக்கும். டாமினோ 5 இஞ்ச் தாண்டும், வளர்ந்தபின் தொட்டிக்கு அதுதான் ரவுடி. க்ரோமிஸ் 5 விட்டால் 5 இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒன்றையொன்று கடித்து ஒரு வருஷத்தில் ஒன்றோ ரெண்டோ மிஞ்சும், இந்த அளவுத் தொட்டியில் அதுதான் வழக்கம். அதற்குப் பதில் பாங்காய் கார்டினல் ஒரு ஜோடி எடுங்கள். ரெண்டுக்கு மேல் வேண்டாம், அதுவும் ஜோடி சேர்ந்ததும் மற்றதை அடித்துவிடும்.

ஆக 13 போய் 7 ஆகிவிட்டது: க்ளவுன் 2, கார்டினல் 2, ஃபயர்ஃபிஷ், ப்ளென்னி, கோரல் பியூட்டி. இதைத்தான் எப்படிப் பிரித்து விடுவது என்று பேச வேண்டும். என் ஓட்டு: முதலில் க்ளவுன் ஜோடியும் ஃபயர்ஃபிஷ்ஷும். மூன்று நான்கு வாரம் கழித்து கார்டினல். அதற்கும் பிறகு கோரல் பியூட்டி. ப்ளென்னி கடைசி. புதுத் தொட்டியில் அது மேய்வதற்குப் பாசி இருக்காது, வயிறு ஒட்டிச் செத்துப்போகும். கண்ணாடியில் பச்சை ஏறித் துடைக்கத் துடைக்க வருகிற காலம் வரட்டும்.

நீலக்கடல்:
லிஸ்ட்டை வெட்டியது ரொம்பச் சரி. ஆனால் நாலு தவணை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒவ்வொரு தடவை புது மீன் வரும்போதும் நோய் உள்ளே வர ஒரு வாய்ப்பு. தொட்டியில் வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி ஒருமுறை இறங்கிவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து, 76 நாள் தொட்டியை மீன் இல்லாமல் சும்மா விட்டால்தான் போகும். கல்லிலும் மணலிலும் ஒட்டியிருக்கும் அதன் முட்டைப்பை பத்து வாரம் வரைகூடக் காத்திருந்து வெடிக்கும். மெயின் தொட்டியில் மருந்து போட முடியாது. இதற்குப் போடும் காப்பர் மருந்து கல்லில் ஏறிக்கொள்ளும், பின்னால் விடுகிற இறால், நத்தை எல்லாம் சாகும்.

அதனால் தம்பி, உங்கள் மெயின் தொட்டி எத்தனை மீன் தாங்கும் என்று பார்க்கும் முன்னால் குவாரன்டைன் தொட்டி (புது மீனைத் தனியே வைத்து மருந்து கொடுக்கிற தொட்டி) எத்தனை தாங்கும் என்று பாருங்கள். எண்ணிக்கையை முடிவு செய்வது அதுதான். குவாரன்டைன் இருக்கா, இல்லையா? அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

அஸ்தம்பட்டி_ரீஃப்:
அக்கா, பழைய 2 அடி தொட்டி ஒண்ணு இருக்கு, 60 லிட்டர். ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிக்கலாம். அதில் 7 மீனும் ஒண்ணா வைக்கலாமா?

நீலக்கடல்:
60 லிட்டரில் 7 வைக்காதீர்கள். மேலே சொன்ன கணக்கையே இங்கே போட்டுப் பாருங்கள். 7 மீனுக்கு ஒரு நாளைக்கு 1 கிராம் தீனி, 40 மில்லிகிராம் அமோனியா, 60 லிட்டரில் கிட்டத்தட்ட 0.7 பிபிஎம். ஒரே நாளில். கல் இல்லை, மணல் இல்லை, காப்பர் போட்டதும் ஸ்பாஞ்சில் இருக்கிற பாக்டீரியா வேகமும் குறையும். ரெண்டாம் நாள் மூச்சு வாங்கும், மூன்றாம் நாள் சாகும். "குவாரன்டைனில் போட்டதால்தான் மீன் செத்தது" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் விஷயம் இதுதான்.

60 லிட்டர் என்றால் 3, மிஞ்சினால் 4 சின்ன மீன். 7-ஐயும் ஒரே பார்சலில் எடுத்து ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்றால் 100 லிட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் டப் வேண்டும், சோப்பு படாத புதுசு. செவ்வாய்ப்பேட்டை பாத்திரக் கடைகளில் கிடைக்கிற பெரிய டப்பே போதும். அழகு பார்க்கிற இடம் இல்லையே. மேலே கொசுவலை இறுக்கிக் கட்டுங்கள். ஃபயர்ஃபிஷ் எம்பிக் குதிக்கும், விரல் நுழைகிற இடைவெளி போதும் அதற்கு.

செய்ய வேண்டியது: பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ரெண்டு வாங்கி இன்றைக்கே உங்கள் சம்பில் போட்டு ஓடவிடுங்கள். நவச்சார டெஸ்ட் நடக்கும்போது அதிலும் பாக்டீரியா ஏறிவிடும். மூன்று வாரம் கழித்து டப்புக்கு மாற்றலாம். டப்பில் மணல், செராமிக், பவளத்துண்டு எதுவும் போடக் கூடாது, காப்பரை உறிஞ்சும். ஒளிய 2 இஞ்ச், 3 இஞ்ச் பிவிசி எல்போ, டீ துண்டுகள் மீனுக்கு ஒன்று என்று போடுங்கள். ஹீட்டர் ஒன்று. வெளிச்சம் குறைவாக.

காப்பர் அளவு மருந்துக்கு மருந்து மாறும், இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். காப்பர் பவர் என்றால் 2.0-லிருந்து 2.5 பிபிஎம். குப்ரமைன் என்றால் 0.5 மட்டுமே. ஒன்றின் அளவை மற்றதில் போட்டால் மீன் போய்விடும். எதுவாக இருந்தாலும் ஒரேயடியாக ஊற்றாமல் ஐந்தாறு நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். கோரல் பியூட்டி மாதிரிக் குட்டி ஏஞ்சல்கள் காப்பருக்குக் கொஞ்சம் சுணங்கும். முழு அளவு வந்த நாளிலிருந்து 30 நாள். நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். அதனால் தண்ணி மாற்றும்போது புதுத் தண்ணியிலும் அதே அளவு காப்பர் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலர் பார்க்கிற கிட் வேண்டாம், அளவை எண்ணில் காட்டுகிற ஹன்னா செக்கர் வாங்குங்கள்.

நடுவில் இன்னொரு மீன் வாங்கி அதே டப்பில் போட்டாலும் எல்லாருக்கும் முதல் நாள்தான். ஒரு பேட்ச் உள்ளே போனால், அந்த பேட்ச் வெளியே வந்த பிறகுதான் அடுத்தது.

அமோனியா ஏறினால் தண்ணி மாற்றுங்கள். பிரைம் மாதிரி அமோனியா மருந்தைக் காப்பரோடு சேர்க்கவே கூடாது, காப்பரை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். சீகெம் அமோனியா அலர்ட் பேட்ஜ் ஒன்றை டப்பின் சுவரில் ஒட்டிவிட்டால், மஞ்சளாக இருக்கும் வரை கவலை இல்லை. பச்சை காட்டினால் அன்றே 30 லிட்டர் மாற்றம். 30 லிட்டருக்கு உப்பு சுமார் 1.1 கிலோ பிடிக்கும். மாதம் முழுவதற்கும் கணக்குப் போட்டு உப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மீன் வந்த பிறகு உப்பு தேடி அலையக் கூடாது. சேலத்தில் நினைத்த நேரத்தில் கிடைக்கிற சரக்கு இல்லை அது.

உப்புத்தண்ணி:
அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. டப்பில் 7-ஐயும் 30 நாள் வைத்தால் அத்தனை நாளும் மெயின் தொட்டியில் பாக்டீரியா பட்டினி கிடக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை நவச்சாரம் அரை கிராம், அதாவது 1 பிபிஎம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மீன் விடுவதற்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்தி, 0 வந்ததைப் பார்த்து, தண்ணி ஒரு கால்வாசி மாற்றிவிட்டு விடுங்கள். இதைச் செய்தால் 7-ம் ஒரே வாரத்தில் போனாலும் தாங்கும். செய்யாவிட்டால் என் நாலு தவணைதான் பாதுகாப்பு.

பார்சல் வந்த காலையில் செய்யக் கூடாதது ஒன்று: சொட்டுச் சொட்டாக ரெண்டு மணி நேரம் தண்ணி விட்டுப் பழக்குவது. பக்கத்துக் கடையில் வாங்கிய மீனுக்கு அது பரவாயில்லை. ராத்திரி முழுக்கப் பையில் கிடந்த மீனுக்கு அது ஆபத்து. பைக்குள் மூச்சுக்காற்று சேர்ந்து பிஎச் 7 அளவுக்கு இறங்கியிருக்கும். அமோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பிஎச் 7-இல் அதில் விஷ வடிவம் அரை சதவீதம் கூட இருக்காது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும். 8.2-இல் விஷ வடிவம் 6 சதவீதம் அளவுக்குப் போகும். அதே அமோனியா, பத்து மடங்குக்கு மேல் விஷம். நீங்கள் சொட்டு விட்டுக்கொண்டிருக்கும்போது மீன் அதிலேதான் நிற்கும்.

எனவே பார்சல் போடுவதற்கு முன்பே கடைக்காரரிடம் அவர் தொட்டி உப்பளவு என்ன என்று கேளுங்கள். நிறையக் கடைகளில் 1.018, 1.020 என்று குறைத்துத்தான் வைத்திருப்பார்கள். டப்பை அதே அளவுக்குத் தயார் செய்யுங்கள். பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் ஒன்றானதும் ஒவ்வொரு பையாக வெட்டி, மீனை மட்டும் உள்ளே விடுங்கள். பைத் தண்ணி வாளிக்கு. எல்லாப் பையையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுக்காதீர்கள், கடைசிப் பையில் இருக்கிறது மாட்டிக்கொள்ளும். பிறகு டப்பின் உப்பை ஒரு நாளைக்கு 0.001 வீதம் ஏற்றி 1.025-க்குக் கொண்டுவாருங்கள். இறக்குவதை மீன் தாங்கும், சட்டென்று ஏற்றுவதைத் தாங்காது.

சேர்வராயன்_மலை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஏற்காடு. 4 அடி தொட்டி, 300 லிட்டர் போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே குளிர் என்பதால் சில்லர் செலவு இல்லை. சேலத்துக் கணக்கு அப்படியே எனக்கும் பொருந்துமா? மீனைச் சேலத்தில் எடுத்து காரில் மேலே கொண்டுவர வேண்டும்.

நீலக்கடல்:
அமோனியா கணக்கு பொருந்தும், 300 லிட்டருக்கு 2 பிபிஎம் என்றால் 1.9 கிராம். ஆனால் சார், உங்களுக்கு மூன்று விஷயம் மாறும்.

முதலாவது ஆக்ஸிஜன். கடல்நீரில் ஆக்ஸிஜன் நன்னீரை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். கடல்மட்டத்தில் 26 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 6.6 மில்லிகிராம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தமே ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே தண்ணி உங்கள் வீட்டில் 5.6-க்கு மேல் பிடிக்காது. குளிர் ஊர் என்றால் ஆக்ஸிஜன் கூடுமே என்று கேட்பீர்கள். ஊர்தான் குளிர், தொட்டியை ஹீட்டர் வைத்து 25, 26-இல்தானே வைக்கப் போகிறீர்கள்? அந்த லாபம் கைக்கு வராது. ஸ்கிம்மர் பெரிதாகவும், தண்ணியின் மேற்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டேயும் இருக்கட்டும். ஒரே நாளில் விடுகிற எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளுங்கள். புதுசாக விட்ட மீன் மிரண்டு வழக்கத்தை விட அதிகமாக மூச்சு வாங்கும், விளக்கு அணைந்த பிறகு தொட்டியில் ஆக்ஸிஜன் இன்னும் இறங்கும். முதல் ராத்திரிதான் கண்டம்.

இரண்டாவது பை. சேலத்தில் இறுக்கமாக வாயு அடைத்த பை, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வரும்போது காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கிற வாயு சுமார் 15 சதவீதம் விரியும். ரப்பர் பேண்ட் தெறிக்கும், இல்லை மடிப்பு விட்டு ஒழுகும். பையைத் தொட்டால் கொஞ்சம் தளர்வாக இருக்கிற மாதிரி கட்டச் சொல்லுங்கள். இரட்டைப் பை கட்டாயம். வளைவில் பை உருளாமல் பெட்டிக்குள் பேப்பர் திணித்து வையுங்கள்.

மூன்றாவது ஹீட்டர். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் அறை 13 டிகிரிக்குப் போனால் 300 லிட்டருக்கு 600 வாட் வேண்டும். ஒரே 600 வாட்டாக வாங்காமல் ரெண்டு 300 வாங்குங்கள். ஒன்று மாட்டிக்கொண்டு அணையாமல் ஓடினாலும் மீன் வெந்து போகாது, ஒன்று நின்றாலும் விறைத்துப் போகாது. குவாரன்டைன் டப்புக்கும் தனி ஹீட்டர். டப்பைச் சுற்றித் தெர்மோகோல் ஒட்டுங்கள், சின்னத் தண்ணி சீக்கிரம் ஆறும்.

கல்லும்_மணலும்:
யாரும் சண்டையைப் பற்றி முழுதாகப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். எத்தனை மீன் என்பதோடு எந்த மீன் எதோடு சேர்ந்து என்பதும் முக்கியம்.

கூட்டமாகவோ ஜோடியாகவோ வாழ்வதைத் தனித்தனியாக விடக் கூடாது. க்ளவுன் ரெண்டும் ஒரே நேரத்தில், ஒன்று பெரியது ஒன்று சின்னது. ரெண்டும் குஞ்சாக இருக்கும்போது ஆண்தான், பெரியது பெண்ணாக மாறும், அதோடு தகராறு முடிந்தது. ஒன்றை மட்டும் விட்டு மூன்று மாதம் கழித்து இன்னொன்றைக் கொண்டுவந்தால் உள்ளே இருப்பது அடித்து விரட்டும். கார்டினல் ஜோடியும் அப்படியே. பெரிய தொட்டிக்காரர்கள் ஆந்தியாஸ் மீன் கூட்டத்தையோ, ரெண்டு மூன்று டேங் மீனையோ விட்டாலும் ஒரே நாள்தான் விடுவார்கள். யாருக்கும் அது சொந்த இடமாக இருக்காது, அடியும் பரவலாகப் பிரிந்துவிடும். "ஒரு தடவைக்கு ஒன்று" என்ற விதி இங்கே கெடுதல்.

அதே மாதிரி, சாதுவை முதலில், முரடைக் கடைசியில். ஃபயர்ஃபிஷ்ஷும் கார்டினலும் முதல் நாள். ரெண்டு மூன்று நாளில் வெளியே வந்து தின்ன ஆரம்பிக்கும். நாலாம் நாள் க்ளவுன். கோரல் பியூட்டி அதற்கும் ஒரு வாரம் கழித்து. டப்பிலும் கோரல் பியூட்டியை ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு வைத்து ஒரு பக்கம் தனியாக வையுங்கள். 30 நாள் ஃபயர்ஃபிஷ் பிவிசி குழாய்க்குள்ளேயே பட்டினி கிடந்தால் காப்பர் என்ன செய்தும் பயன் இல்லை. கோரல் பியூட்டியை மெயின் தொட்டியில் விடுகிற அன்றைக்குக் கல்லில் ரெண்டு மூன்றை இடம் மாற்றுங்கள். விளக்கை அணைத்து, மற்றதுக்கு ஒரு மூலையில் தீனி போட்டுவிட்டு, எதிர் மூலையில் விடுங்கள்.

விட்ட முதல் மூன்று நாள் பாதித் தீனி. தின்னாமல் மிஞ்சினால் அது அழுகித்தான் அமோனியா ஏறும், மீனால் இல்லை. முதல் வாரம் தினமும் ஒரு டெஸ்ட், அதற்குப் பிறகு வாரம் ஒன்று. சில கிட் சுத்தமான உப்புத்தண்ணியிலேயே 0.25 காட்டும், அதனால் புதிதாகக் கலந்த உப்புத்தண்ணியில் ஒருமுறை டெஸ்ட் பண்ணிக் கலரைக் குறித்து வையுங்கள். நத்தை, துறவி நண்டு இவையெல்லாம் இந்த எண்ணிக்கையில் சேராது, பாசி வந்ததும் விடலாம். ஆனால் அவற்றைக் காப்பரில் போட முடியாது. ஓட்டில் ஒட்டுண்ணி முட்டைப்பை ஒட்டி வரலாம் என்பதால் மீன் இல்லாத வேறொரு தொட்டியில் தனியே வைத்திருந்து விடுவதே நல்லது.

இன்னொன்று. கடலில் பிடித்த க்ளவுனுக்கு உடம்பெல்லாம் கோழை மாதிரிப் படர்கிற ப்ரூக்லினெல்லா நோய் வரும், காப்பர் அதற்கு வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல்தான். தொட்டியில் பொரித்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் குஞ்சு பொரிக்கும் முறையை நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து, இப்போது இங்கே பொரித்ததே கிடைக்கிறது. பார்சலில் "கொஞ்சம் லைவ் ராக் போட்டுத் தரேன், பாக்டீரியா சீக்கிரம் வரும்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடலில் எடுத்த பவளக்கல் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வைத்திருந்தாலே வழக்கு. கடல்குதிரையும் அப்படித்தான். நீங்கள் போட்டிருக்கிற செராமிக்கே நல்லது.

அஸ்தம்பட்டி_ரீஃப்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி 1.1 கிராம் போட்டேன், 24 மணி நேரத்தில் 2-லிருந்து 0.75-க்குத்தான் வந்திருக்கு. உப்புத்தண்ணி அண்ணா சொன்னது சரிதான். ஸ்பாஞ்ச் ரெண்டும் சம்பில் போட்டாச்சு. 110 லிட்டர் டப் பாத்து வெச்சிருக்கேன்.

திட்டம்: டெஸ்ட் பாஸ் ஆனதும் ஒரே பார்சலில் 6 மீன். ப்ளென்னி இப்போ வேண்டாம். டப்பில் காப்பர் 30 நாள். அப்புறம் கார்டினல், ஃபயர்ஃபிஷ் முதல் நாள், க்ளவுன் நாலாம் நாள், கோரல் பியூட்டி அதுக்கு ஒரு வாரம் கழிச்சு. சரியா?

உப்புத்தண்ணி:
சரி. மூன்று திருத்தம். க்ளவுன் வெளியே போன பிறகு கோரல் பியூட்டி ஒரு வாரம் டப்பில் தனியாக இருக்கும். அந்த வாரத்தில் காப்பரைக் கார்பன் போட்டு எடுத்துவிடுங்கள். 30 நாள் முடிந்தபின் அதில் வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த இடைவெளியில் செவுள் புழுவுக்குப் பிராசிகுவான்டெல் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் வீதம் ஒரு டோஸ், ஒரு வாரம் கழித்து இன்னொன்று என்று கொடுப்பது பலரும் செய்வது. ஆறு மீனுக்கும் கொடுக்க வேண்டும் என்றால் முதல் மீனை வெளியே விடுவதற்கு முன்னால் கொடுங்கள், பத்து நாள் கூடும். மருந்து போட்ட அன்று ஏர் பம்ப் ரெண்டு ஓடட்டும், கார்பனை எடுத்துவிடுங்கள்.

ரெண்டாவது, டப்பில் ஓடின ஸ்பாஞ்சை மறுபடி சம்பில் போடாதீர்கள். காப்பர் ஏறியிருக்கும். வலை, வாளி, ட்யூப் எல்லாம் டப்புக்குத் தனி செட்.

மூன்றாவது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் ஏரியாவில் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம், சில நாள் சாயங்காலம் வரை வராது. தேதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கு முன்னால் ரெண்டு நாளில் பார்சலும் வேண்டாம், மீனை மெயின் தொட்டிக்கு மாற்றுவதும் வேண்டாம். இன்வெர்ட்டரில் சில்லரை மாட்டாதீர்கள், பேட்டரி ஒரு மணி நேரத்தில் காலி. வேவ்மேக்கர் (தண்ணியை அலைக்கிற பம்ப்) ஒன்று, டப்பின் ஏர் பம்ப் ஒன்று, அவ்வளவுதான் மாட்ட வேண்டும். சேலத்து ஏப்ரல், மே வெயிலில் சில்லர் இல்லாமல் தண்ணி 30-ஐத் தாண்டும், ஐஸ் போட்ட பாட்டில் ரெண்டு ஃப்ரீசரில் எப்போதும் இருக்கட்டும். முடிந்தால் பார்சலை ஜூன் மாதத்துக்குத் தள்ளுங்கள். பஸ் டிக்கியில் வருகிற பெட்டிக்கும் அது நல்லது.

அஸ்தம்பட்டி_ரீஃப்:
ஜூனுக்கே தள்ளிடறேன் அண்ணா. கடைக்காரர்கிட்ட உப்பளவு கேட்டேன், 1.019-னு சொன்னார்.

நீலக்கடல்:
அப்போ டப்பை 1.019-க்குக் கலக்குங்கள், 110 லிட்டருக்குச் சுமார் 3 கிலோ உப்பு வரும். கலந்து ஒரு நாள் ஏர் பம்ப் ஓடிய பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு பார்க்கும் கருவி) பாருங்கள். அந்த ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவம் வைத்துச் சரிபார்த்திருக்கிறீர்களா? வெறும் ஆர்.ஓ. தண்ணியில் பூஜ்யம் வைத்திருந்தால் மேலே போகப் போகப் பிழை வரும். முதலில் அதைப் பாருங்கள்.